முன்வரிசையில் ஒரு தம்புரா

அக்கா,

இன்று காலை வீட்டுச் சூடாக்கியை இந்த வருடத்தில் முதல் தடவையாகப் போட்டேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கம்பிகளில் படிந்திருந்த தூசி கருகி ஒரு மணம் எழும்பியது. உங்களுக்கு அந்த மணம் தெரியும். மொன்றியலில் ஒவ்வொரு வீட்டிலும் குளிர் தொடங்கும்போது ஒரு நாள் வரும், அரை மணித்தியாலத்தில் போய்விடும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். நான் மட்டும் சுவரோரம் போய் நிலத்தில் உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பேன். காய்ந்த மண்ணும் சூடேறிய இரும்பும் கலந்த மணம் அது. துபாயில் நாங்கள் இருந்த கட்டடத்தின் படிக்கட்டில் மத்தியானங்களில் நிற்குமே, அதே மணம்.

இந்த முறை நான் தனியாக உட்காரவில்லை. உங்கள் தம்புரா பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போன மாதம் உங்கள் மகள் ஷாமினி லாசாலிலிருந்து அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "எங்கட வீட்டில இத ஆர் அன்ரி தொடப்போகினம்? நீங்கள் வச்சிருங்கோ" என்றாள். இந்த வறண்ட சூட்டில் குடம் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் அறைக்குள் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமைக்குப் பிறகு கம்பியைத் தொடவில்லை. ஆனாலும் தெருவில் பாரமான வண்டி ஏதாவது போனால் அது தானாக மெல்ல ம்ம் என்கிறது.

போன சனிக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம் நடந்தது. அங்கே எல்லாருக்கும் முன்னால் ஒரு விஷயத்தைச் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒளித்துவைத்த விஷயம். முறைப்படி பார்த்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். பிந்தினாலும் பரவாயில்லை என்று இப்போது எழுதுகிறேன்.

*

துபாயில் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் முன்னரே நீங்கள் என் குரலைக் கேட்டிருந்தீர்கள். நான் யாரிடமும் பாட்டுப் படிக்கவில்லை. கசெட்டைப் போட்டுப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பிடித்ததுதான் எல்லாம். வெள்ளிக்கிழமை விரதச் சமையல் நேரம், அடுப்படியில் நின்று தேவாரம் பாடுவேன். அந்தப் பாட்டு புகை போகும் குழாய் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. கழுத்தில் சிலுவை, கையில் ஒரு கோப்பை தொதல் இனிப்பு.

"நான் கீழ்வீடு. மட்டக்களப்பு. வேதக்காரி. உங்கட தேவாரம் எங்கட குசினிக்குள்ள வருது."

"ஐயோ, கரைச்சலோ அக்கா? இனி மெல்லமாப் பாடுறன்."

"மெல்லமாப் பாட வேணாம் கா. இரண்டாம் வரியில மூச்ச முட்டிக்கிட்டு நிக்கிறீங்க. எனக்குக் கீழ நிண்டு மூச்சு முட்டுது. அத மட்டும் பாருங்க."

அப்படி ஒரு அறிமுகம். அதன்பிறகு நான் மூச்சு எடுக்கும் இடத்தில் கீழே இருந்து கரண்டியால் குழாயில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். சரி என்றால் ஒரு தட்டு, பிழை என்றால் இரண்டு. என் கணவருக்குக் குளிரூட்டிக் காற்றுக்குழாய் பொருத்தும் கம்பனியில் வேலை. "ஊரெல்லாம் நான் குழாய் பூட்டுறன், நீங்கள் ரெண்டு பேரும் அதுக்குள்ளாலை கச்சேரி நடத்துறியள்" என்று சிரிப்பார்.

அந்த ஊரின் இசையை நாங்கள் பெரும்பாலும் சுவர்வழியாகத்தான் கேட்டோம், இல்லையா? பத்திரிகையில் வந்தது வேறு. நட்சத்திர ஓட்டல்களுக்கு ஐரோப்பாவிலிருந்து வாத்தியக் குழுக்கள் வரும். மைதானத்தில் சினிமாப் பாடகர்கள் வந்து பாடுவார்கள், மலையாளத்துக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு குடும்பமாகப் போவார்கள். எங்களுக்கு வாய்த்தது மேல்மாடிச் சூடான்காரர். பின்னேரம் குளித்துவிட்டு வந்து, ஊத் என்ற அந்தப் பெரிய வயிற்று வாத்தியத்தை மடியில் வைத்துக்கொள்வார். ஒரே பாட்டு. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நிறுத்துவார். "இந்த மனுசன் எங்க போக நினைச்சு எங்க நிக்கிறான்?" என்று நீங்கள் தையல் ஊசியைப் பிடித்தபடி கூரையைப் பார்ப்பீர்கள். எதிர்க் கட்டடத்தில் ஓட்டலில் பாடும் பிலிப்பைன்ஸ் பெண்கள் இரண்டு பேர் துணி காயப்போட்டுக்கொண்டே ஒருத்தி மேலும் ஒருத்தி கீழுமாகப் பாடிப் பழகுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் கார் நிறுத்தும் நிலவறையிலிருந்து செண்டை முழங்கும். கடற்கழி ஓரத்தில் விழா நடந்தால், முத்துக் குளித்த வம்சத்துக் கிழவர்கள் வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று கைதட்டிக் கடற்பாட்டுப் பாடுவார்கள். அவர்களுடைய அடித்தொண்டை முனகலை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். "மட்டக்களப்பு வாவியில ராவில மீன் பாடுற எண்டு சொல்லுவாங்க. நான் ஒருநாளும் கேட்டதில்ல. இப்படித்தான் இருக்கும் போல புள்ள."

எல்லாச் சத்தமும் அந்தச் சூட்டில் உருகி ஒன்றுக்குள் ஒன்று வடிந்துபோனதாகத்தான் இப்போது நினைவில் நிற்கிறது. எது யாருடைய பாட்டு என்று பிரிக்க முடியவில்லை. அடியில் மட்டும் ஆயிரம் குளிரூட்டிகளின் உறுமல், நிற்காமல்.

*

எங்கள் பாட்டுக் குழுவை நடத்திய கோபாலன் சார் வீட்டுப் பயிற்சிக்கு உங்களைக் கூட்டிப்போனது நான்தான். வெள்ளி பின்னேரம் பத்துப்பேர் கூடுவோம். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஜன்னலெல்லாம் கம்பளம் தொங்கவிட்டிருப்பார். அவர் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த தம்புரா மூலையில் நிற்கும். அதைத் தொட ஆளில்லை. எல்லாருக்கும் பாட வேண்டும். சின்னப் பெட்டியில் மின்சாரச் சுருதி போட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

"வாசிப்பேளா?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார். பாடவும் வராது. ஆனா ஒரு சத்தத்துக்குள்ள சும்மா இருக்க வரும்."

சார் சிரித்தார். நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டிக் காட்டினார். நீங்கள் அபாயா அங்கி தைக்கும் கடையில் கறுப்புத் துணியில் கறுப்பு மணி கோர்த்துத் தைத்தவர். கண்ணுக்குத் தெரியாத வேலையை ஒரே சீராகச் செய்து பழகிய விரல்கள். அரைமணியில் கம்பிகள் உங்களுக்கு அடங்கின. இரண்டு மணித்தியாலம் விரல் ஏறாமல் இறங்காமல், ஆற்றில் தண்ணீர் போகிற மாதிரி. அன்றைக்கு நான் இரண்டாம் வரியில் மூச்சு முட்டவில்லை. மின்சாரப் பெட்டியை சார் அலமாரிக்குள் வைத்தார், பிறகு எடுக்கவேயில்லை.

இடையில் பள்ளிவாசலின் அழைப்பு வரும். நாங்கள் பாட்டை நிறுத்துவோம். நீங்கள் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து, உறங்கும் பிள்ளையைத் தொடுவதுபோலத் தொட்டு அடக்குவீர்கள். அழைப்பு முடிந்ததும் கையை எடுப்பீர்கள். எடுக்கும்போதே மெல்லிய ஒரு ஒலி வரும். நான் நெற்றியில் திருநீற்றோடும், நீங்கள் கழுத்தில் சிலுவையோடும், வெளியே அந்தத் தொழுகையும்... எனக்கு எந்தக் கோயிலிலும் அப்படியொரு அமைதி வந்ததில்லை. பொய் சொல்லவில்லை.

*

இனித்தான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

வருடத்தில் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து நிகழ்ச்சி வைப்போம். மேடையில் ஏறப்போகும் ஒவ்வொருவரின் பெயரையும் அனுமதிக்காக முன்கூட்டியே அரபியில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். பெயர் இல்லாதவர் மேடையில் கால் வைக்கக் கூடாது. பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. வீட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டைக்கூடக் கொப்பியில் எழுதாமல் விடாதவள் என்று சாருக்கு என்னில் நம்பிக்கை.

எழுதினேன். பாடுகிறவர் ஏழு பேர். வயலின். மிருதங்கம். கஞ்சிரா. அறிவிப்புச் செய்கிறவர். குத்துவிளக்கு ஏற்ற இரண்டு நிமிடம் மேடைக்கு வந்துபோகும் வைத்தியரின் மனைவியின் பெயரைக்கூட எழுதினேன், அக்கா. இரண்டு தரம் எண்ணிச் சரிபார்த்தேன். உங்கள் பெயரை எழுதவில்லை.

உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பொறாமையும் இல்லை. வேதக்காரி என்று ஒதுக்கியதும் இல்லை, சாமி சத்தியமாக. இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். பாடுகிறவர், வாசிக்கிறவர் என்று மனதுக்குள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். தம்புரா அந்த வரிசையில் ஒரு ஆளாக எனக்குத் தெரியவில்லை. விரிக்கும் பாய், தண்ணீர்ப் போத்தல், மாலை, தம்புரா என்று வேறு தாளில் இருந்தது. சாமான் பட்டியலில்.

கட்டடத்தின் கீழே தட்டச்சுக் கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர் ஹம்சாவிடம் தாளைக் கொடுத்தேன். அவர் பார்த்ததை அடித்துத் தந்தார்.

நிகழ்ச்சி அன்று நீங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டீர்கள். வெளியே ஈரப்புழுக்கம், உள்ளே குளிர். மரம் மண்டபக் குளிருக்குப் பழக வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் முந்தியே தம்புராவைப் போர்வையோடு கொண்டுவந்து இருத்தினீர்கள். புதுச்சேலை. மருதாணிப் பச்சை. மேடைப்படியில் மண்டபப் பொறுப்பாளர் தாளோடு நின்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு ஏற்றினார். உங்கள் பெயரைக் கேட்டார். தாளை மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"என்னம்மா இது?" என்று கோபாலன் சார் என்னைப் பார்த்தார். "லிஸ்ட் நீங்கதானே எழுதினீங்க?"

என் கைப்பைக்குள் அந்தக் கையெழுத்துத் தாளின் பிரதி இருந்தது. தாளைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. சார் கேட்ட கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அரபித் தாளை வாங்கி, ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத நான், வாசிக்கிறவள் மாதிரி அதைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்:

"டைப்பிங் கடையிலை விட்டிட்டினம் போலை, சார்."

"அந்த ஹம்சாவா?" என்றீர்கள் நீங்கள். "கண்ணாடியக் கழட்டி வச்சிப்போட்டு அடிச்சிருப்பான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் போர்வையை மடித்த உங்கள் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

பிறகு நீங்கள் செய்தது இங்கே மொன்றியலில் எங்கள் சனம் முழுக்கத் தெரியும். மேடைக்குத்தானே பெயர் வேண்டும்? கதிரைக்கு வேண்டாமே. முன்வரிசையின் நடுக் கதிரையில் போய் உட்கார்ந்தீர்கள். தம்புராவை நிமிர்த்தித் தோளில் சாய்த்தீர்கள். பொறுப்பாளர் உங்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி உங்களைப் பார்த்தார். "மேடம் ஓடியன்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எப்படிச் சொல்வது? எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருந்த சத்தம் அன்று முகத்துக்கு நேரே இருந்தது. உங்களுக்கு ஒலிவாங்கி கிடையாது. சார் ஒலிபெருக்கியைத் தணிக்கச் சொன்னார். நீங்கள் மீட்டுவது கேட்க வேண்டுமென்றால் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இருந்தது. பிள்ளைகளின் கையிலிருந்த முறுக்குப் பைகளைத் தாய்மார் வாங்கி மடிக்குள் வைத்தார்கள். பிந்தி வந்தவர்கள் கதிரையை இழுக்காமல் சுவரோரம் நின்றார்கள். நாங்கள் ஒருவரும் சபையைப் பார்த்துப் பாடவில்லை, உங்களைப் பார்த்துப் பாடினோம். விளக்கு மங்கலில் உங்கள் சேலையும் முகமும் தெரியவில்லை. விரல் இரண்டு மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. வெளியே அந்தப் பெரிய பாலைவன ஊரில் கார்களும் கிரேன்களும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எனக்கு அது எல்லாவற்றின் அடியிலும் உங்கள் கம்பிதான் ஓடுவதுபோல இருந்தது. எந்த இடத்தில் நான் பாடினேன், எந்த இடத்தில் விட்டேன் என்று நினைவில்லை. நித்திரையில் நடப்பது போல. அதைவிட நன்றாக நாங்கள் ஒருநாளும் பாடவில்லை.

என் பொய்யில் இருந்து அப்படியொரு பின்னேரம் வந்ததுதான், அக்கா, எனக்குப் பெரிய தொல்லையாகிப் போனது. நல்லது நடந்ததே என்று மனம் சமாதானம் சொல்லப் பழகிவிட்டது.

அடுத்த கிழமை நீங்கள் என்னையும் இழுத்துக்கொண்டு ஹம்சாவின் கடைக்குப் போனீர்கள்.

"ஏன் ஹம்சா, எல்லார்ர பேரையும் அடிச்ச, எண்ட பேர் என்ன கசக்குதா?"

அவருக்கு விளங்கவில்லை. கோப்பைத் திறந்தார். என் கையெழுத்துத் தாளை எடுத்தார். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். அடியில் நின்றது விரல். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, தெரியாது.

தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"சாரி சேச்சி. என்ட தப்புதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த லாச்சி மூடிய சத்தம் இன்னும் கேட்கிறது.

அதன்பிறகு நீங்கள் அவர் கடைக்குப் போகவில்லை. எங்கள் குழு போகவில்லை. அபாயாக் கடைப் பெண்களும் வேறு கடைக்குப் போனார்கள். அவரோ என்னைப் படிக்கட்டில் கண்டால் முன்னைப்போலவே தலையை ஆட்டிச் சிரிப்பார். நான் மேல்படிக்கு வேகமாக ஏறிவிடுவேன். ஒவ்வொரு விரதத்துக்கும் விளக்கேற்றி முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். சாமியிடம் சொல்லியாயிற்று, மனிதரிடம் வேறு சொல்ல வேண்டுமா என்று எனக்கு வசதியாக ஒரு நியாயம் இருந்தது.

*

மொன்றியலுக்கு நாங்கள் முதலில் வந்தோம், நீங்கள் நாலு வருடம் கழித்து வந்தீர்கள். கோபாலன் சார் ஊருக்குத் திரும்பும்போது தம்புராவை உங்களிடம் கொடுத்தாராம். விமானத்தில் அதற்குத் தனிச் சீட்டு எடுக்கலாமா என்று கேட்டுச் சண்டை பிடித்தீர்களாம்.

மெட்ரோவில் உங்களை முதன்முதல் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? வண்டி புறப்பட மூன்று சுரம் கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இது ப, ச, ப எல்லா? பாருங்க புள்ள, றெயிலுக்கும் சுருதி சேர்க்கத் தெரியுது!" செயின்ட்-மிஷேல் போய்ச்சேரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதற்காகவே காதைக் கொடுத்தபடி இருந்தீர்கள். பக்கத்தில் இருந்த கிழவி உங்களைப் பார்த்துச் சிரித்து "போன்ஜூர்" என்றாள்.

இங்கேயும் ஹம்சா கதைதான் உங்களுக்குப் பெரிய கதை. கல்யாண வீடு, பிறந்தநாள், எங்கே போனாலும், "அந்தத் தட்டச்சுக்காரன் என்னப் பேரில்லாதவள் ஆக்கிப்போட்டான்" என்று தொடங்குவீர்கள். கண்ணாடிக்கு மேலால் பார்க்கும் நடிப்பு வேறு. ஜான்-டலோன் சந்தையில் தக்காளி விற்கிறவனுக்குக்கூடச் சொன்னீர்கள், தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில். "மோ நோம், பா லா!" என் பெயர் அங்கே இல்லை என்று நெஞ்சில் தட்டித் தட்டி. அவனுக்கு என்ன விளங்கியதோ, இரண்டு தக்காளி கூடப் போட்டான். நான் ஒவ்வொரு முறையும் சேர்ந்து சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் மட்டும் நீங்கள் அதைச் சிரிக்காமல் சொன்னீர்கள். ஜன்னலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு அந்தப் படியில நிண்டன் எல்லா புள்ள. அந்தாள் ரெண்டு தரம் தாளப் பாத்தான். எனக்கு ஒரு நிமிசம், நான் எண்டு ஒருத்தி இல்லையோ எண்டு கிடந்துது. சின்ன விசயம்தான். ஆனா போகல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

*

கூட்டத்துக்கு முந்திய புதன்கிழமை ஷாமினியும் நானும் சந்தையில் அதற்குப் பூ வாங்கினோம். அவள் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை முடிந்து, களைத்து வந்திருந்தாள்.

"அன்ரி, சனிக்கிழமை நீங்கள்தான் ஹம்சா கதை சொல்லவேணும். அம்மா சொல்லுற மாதிரியே. அந்தக் கண்ணாடி அக்சனோட."

"நான் சொல்லேலாது பிள்ளை."

"ஏன், வெக்கமோ? எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்தானே."

"அந்தக் கதை பிழை."

அவள் மஞ்சள் செவ்வந்திக் கட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். நான் சொன்னேன். நின்ற இடத்திலேயே, ஆட்கள் இடித்துக்கொண்டு போக, பட்டியல், படிக்கட்டு, லாச்சி எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவள் அந்தக் கட்டைக் கீழே வைக்கவில்லை.

"சீரியஸா அன்ரி?"

"ஓம்."

"அவர்... ஹம்சா அங்கிள் என்னை மடியில வச்சு, டைப் அடிக்கேக்க கடைசிப் புள்ளிய நான் அமத்த விடுறவர். ஒவ்வொரு பேப்பருக்கும். அதுக்காகவே நான் ஸ்கூலால ஓடி வாறனான்." செவ்வந்திக் கட்டை மற்றக் கைக்கு மாற்றினாள். "பிறகு அம்மா என்னை அங்க விடேல்ல. அவர் கெட்டவர் எண்டு நான் நினைச்சன். ஆறு வயசிலயிருந்து, அன்ரி. அவர் எங்களுக்கு என்னமோ செய்திட்டார் எண்டு."

எனக்கு இது தெரியாது. உங்களுக்குச் செய்ததை மட்டும்தான் நான் இத்தனை வருடமும் மனதில் எழுதி வைத்திருந்தேன். அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் செய்தது என் கொப்பியிலேயே இல்லை.

அவள் பூவுக்குக் காசு கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். மெட்ரோ வாசலில் "பிறகு கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் சாமிக்கு முன்னால் இருந்தபோது அழைத்தாள்.

"நாளைக்கு நீங்கள் சொல்லுங்கோ. அம்மாட கதைய இல்ல. எனக்குச் சொன்னதை."

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"எல்லாருக்கும் முன்னாலதானே அவரைப் பற்றிச் சிரிச்சனாங்கள்."

*

தேவாலயத்தின் கீழ்மண்டபம். எழுபது எண்பது பேர். மட்டக்களப்பார், திருகோணமலையார், எங்கள் யாழ்ப்பாணத்தார், சிமெந்து வாசமும் கோப்பி வாசமுமாக. உங்கள் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி. நான் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று "ஹம்சா" என்று சொன்ன உடனேயே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், "கண்ணாடிய இறக்குங்கோ அக்கா, கண்ணாடிய!" என்று கத்தினார்.

"அவர் அக்காவின்ரை பேரை விடேல்லை" என்றேன். "நான்தான் எழுதேல்லை. கேட்டபோது அவரிலை போட்டன். அவர் அதைத் தாங்கினார்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. மிச்சத்தையும் சொன்னேன். இந்த முறை மூச்சு முட்டவில்லை. யாரோ "அட கடவுளே" என்றார். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லையே, பாருங்கோவன்" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. அது கேட்க வேண்டியதுதான்.

அதன்பின் பாடகர் குழு உங்களுக்குப் பிடித்த ஞானப்பாட்டைத் தொடங்கவிருந்தது. அதற்கு நான் தம்புரா மீட்ட வேண்டும். உட்கார்ந்தேன். குடம் மடியில் நிற்காமல் வழுக்கியது. முதல் மீட்டலே கோணலாக வந்தது. பாடகர்கள் என்னைப் பார்த்தார்கள். ஷாமினி எழும்பி வந்தாள். கீழே முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குக் கோவம் போகேல்ல அன்ரி."

"போக வேண்டாம் பிள்ளை."

"ஓகே. வாசியுங்கோ."

வாசித்தேன். உங்கள் விரல் போல ஓடவில்லை. ஏறி இறங்கியது. ஆனாலும் பாட்டு முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

நீங்கள் இருந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு உண்மையாகத் தெரியாது. சிரித்திருப்பீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களுடைய மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கக் கூடாது. ஹம்சா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியாது. ஷாமினி யாரையோ விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று அந்தச் சின்னக் கடைக்குள் அவர் எனக்காகத் தூக்கிய பிழையை, சனிக்கிழமை நான் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாரமாகத்தான் இருக்கிறது, அக்கா. நேரான முதுகோடு சுமக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.